பழைய ஸ்டார் வார்ஸ் அட்டைக்கு மதிப்புப் பார்ப்பது எப்படி?

போன கோடையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஒரு ஷூ டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரோ வீடு காலி செய்யும்போது கராஜ் சேலில் போட்டிருந்தார்களாம். 20 டாலருக்கு வாங்கியிருக்கிறான். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஸ்டார் வார்ஸ் அட்டைகள், எப்படியும் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒரு கட்டின் மேலே நீலச் சட்டத்துக்குள் லூக் ஸ்கைவாக்கர் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, இது 1977-ல வந்ததாம். இந்த லூக் அட்டை ஒண்ணே பல ஆயிரம் டாலருக்குப் போகுதுன்னு யூடியூப்ல சொல்றாங்க. இதுக்கு என்ன கிடைக்கும்?"

நான் ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றி, லூக்கைத் திருப்பிப் பார்த்தேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. நான் திருப்பிப் பார்ப்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோருமே அட்டையின் முன்பக்கத்தில் மயங்கிவிடுகிறார்கள். டார்த் வேடர் இருக்கிறாரா, லூக் இருக்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் அது எந்தத் தொகுதி, யார் அச்சிட்டது, கறை உண்டா, மடிப்பு உண்டா என்பதில் முக்கால்வாசி பின்பக்கத்தில்தான் தெரியும். அன்று மாலை அந்த டப்பாவை வைத்துக்கொண்டு தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு படத்தின் அட்டை உங்களிடம் இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் கை கழுவுங்கள்

கிண்டல் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு, முறுக்குத் தின்ற கையோடு அட்டையைத் தொட்டால் கறை அட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு போகாது. கழுவித் துடைத்த கை போதும், கையுறை தேவையில்லை. கையுறை போட்டால் அட்டை நழுவி விழுந்து மூலை நசுங்குவதுதான் மிச்சம்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். நகைக்கடையில் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல், சாய்த்துப் பிடிக்கக்கூடிய மேசை விளக்கு, கொஞ்சம் பென்னி ஸ்லீவ். பென்னி ஸ்லீவ் என்பது ஓர் அட்டை நுழையும் அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை. நூறு உறை சில டாலருக்குக் கிடைக்கும்.

இது எந்த அட்டை?

ஸ்டார் வார்ஸ் முதல் படம் 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதற்கு அட்டை போட்டது டாப்ஸ். பேஸ்பால் அட்டைகளுக்குப் பேர் போன நியூயார்க் நகர பபிள்கம் கம்பெனி அது. மெழுகு தடவிய தாளில் சுற்றிய பொட்டலத்தில் 7 அட்டை, ஒரு ஸ்டிக்கர், ஒரு பபிள்கம் துண்டு. விலை 15 சென்ட். இந்தப் பொட்டலத்துக்குத்தான் வாக்ஸ் பேக் என்று பெயர். மெழுகையும் கம்மையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டும் தொல்லை கொடுக்கப்போகின்றன.

படம் எதிர்பாராத அளவுக்கு ஓடியதால் 1977-78-ல் அடுத்தடுத்து ஐந்து தொகுதிகள் வந்தன. சட்டத்தின் நிறத்தை வைத்தே எது எந்தத் தொகுதி என்று சொல்லிவிடலாம். முதலாவது நீலம், 1 முதல் 66 வரை. அடுத்தது சிவப்பு, 67 முதல் 132 வரை. மஞ்சள் 198 வரையும், பச்சை 264 வரையும் போய், கடைசியாக ஆரஞ்சு 330-ல் முடிகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் 66 அட்டை, 11 ஸ்டிக்கர். ஆக மொத்தம் 330 அட்டை, 55 ஸ்டிக்கர். எண் பின்பக்கத்தில் இருக்கும். சில அட்டைகளின் பின்னால் கதைச் சுருக்கமோ படம் எடுத்த விவரமோ இருக்கும். சிலவற்றில் பெரிய படமொன்றின் துண்டு இருக்கும், சேர்த்து அடுக்கினால் முழுப் படம் வரும். அந்த எழுத்தையெல்லாம் எழுதியவர் டாப்ஸில் ஆசிரியராக இருந்த கேரி ஜெரானி.

ஐந்தில் அதிகம் தேடப்படுவது நீலம். அதிலும் முதல் எட்டு அட்டைகள் பாத்திர அறிமுகம்: 1 லூக், 4 ஹான் சோலோ, 5 இளவரசி லேயா, 7 டார்த் வேடர். எல்லாவற்றுக்கும் தலையாக நிற்பது 1. பேஸ்பால் அட்டைக்காரர்கள் ஓர் ஆட்டக்காரரின் முதல் அட்டையை 'ரூக்கி' என்று தனியாக மதிப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து இதை லூக்கின் ரூக்கி என்று சொல்கிறார்கள். சினிமாப் பாத்திரத்துக்கு என்ன ரூக்கி என்று நீங்கள் கேட்கலாம். சந்தை அப்படித்தான் பேசுகிறது, நாமும் அந்தப் பேச்சைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இங்கே குழப்பம் வரும் இடங்களும் உண்டு. கனடாவில் ஓ-பீ-சீ என்ற கம்பெனி டாப்ஸிடம் உரிமை வாங்கி அதே மாதிரி அட்டைகளை விற்றது. முன்னால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, பின்பக்கத்தில் கம்பெனிப் பெயரைத் தேட வேண்டும். இரண்டின் விலையும் வேறு. அதே 1977-ல் வொண்டர் பிரெட் என்ற ரொட்டியோடு 16 அட்டை கொண்ட தனி செட் வந்தது, அது இந்த 330 அட்டைச் செட்டில் சேராது. அப்புறம் 1980-ல் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்துக்கு மூன்று தொகுதிகளாக 352 அட்டை, 1983-ல் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்துக்கு இரண்டு தொகுதிகளாக 220 அட்டை. தம்பியின் டப்பாவில் பாதிக்கு மேல் இந்த 1980, 1983 சரக்குதான். அவன் எல்லாவற்றையும் 1977 என்று நினைத்திருந்தான்.

இன்னொரு வலை: 1977 வடிவத்தையே எடுத்து டாப்ஸ் பின்னாளிலும் அட்டை போட்டிருக்கிறது. 2019-ல் தொடங்கிய லிவிங் செட் அப்படிப்பட்டது. அதில் புகைப்படம் இருக்காது, கையால் வரைந்த ஓவியம் இருக்கும். 1977-ல் பிறந்தே இராத பாத்திரங்கள் எல்லாம் நீலச் சட்டத்துக்குள் வந்து நிற்கும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தனக்கென்று சேகரிப்பவர்கள் உள்ள நல்ல அட்டைதான். ஆனால் "1977 டிசைன்" என்று எழுதி விற்பதை "1977 அட்டை" என்று படித்துவிடாதீர்கள். பின்னால் உள்ள காப்புரிமை வரியைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். அது படத்தின் உரிமை ஆண்டாக இருக்கலாம், அட்டை அச்சான ஆண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது.

அசலா, நகலா?

ஒரு டாலர் அட்டைக்கு யாரும் மெனக்கெட்டு நகல் போட மாட்டார்கள். எனவே இந்தக் கவலை லூக், வேடர் மாதிரி விலை போகிற அட்டைகளுக்குத்தான்.

இதற்கு நான் சொல்லும் வழி மிக மலிவானது. அதே தொகுதியில் யாருக்கும் வேண்டாத அட்டை ஒன்றை, பாலைவனமோ விண்கலமோ ஏதோ ஒன்று, ஓரிரு டாலர் கொடுத்து நம்பகமானவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் உரைகல். சந்தேகப்படும் அட்டையை அதன் பக்கத்தில் வையுங்கள். பின்பக்கத் தாளின் நிறம் ஒத்துப்போகிறதா, தடிமன் ஒன்றுதானா, முன்பக்கப் பளபளப்பு ஒரே மாதிரியா என்று பாருங்கள். பிறகு லென்ஸ். பழைய ஆஃப்செட் அச்சில் புகைப்படப் பகுதி பல நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடியதாகத் தெரியும். எழுத்தும் கோடும் மட்டும் புள்ளியே இல்லாமல் ஒரே மையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் புள்ளியாக உடைந்துவிடும். இது ஒன்று தெரிந்தாலே பெரும்பாலான நகல்கள் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும்.

புற ஊதா ஒளி விளக்கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1940-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் காகிதத்தில் வந்தது. அதனால் அதற்கு முந்திய அட்டை என்று சொல்லப்படுவது ஒளிர்ந்தால் பொய் என்று பிடித்துவிடலாம். 1977 அட்டைக்கு அந்தச் சோதனை தனியாக எதையும் நிரூபிக்காது. பக்கத்தில் உரைகல் அட்டையை வைத்து இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டுமானால் பயன்படும்.

நகலைவிட அதிகம் நடப்பது வெட்டுதல். மூலை மழுங்கிய அசல் அட்டையின் ஓரத்தை மயிரிழை அளவுக்கு வெட்டிவிட்டால் நான்கு மூலையும் கத்தி மாதிரி ஆகிவிடும். அட்டை அசல், ஆனால் மதிப்பு போய்விட்டது. சரியான அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5 மி.மீ.க்கு 88.9 மி.மீ. ஆலையிலேயே சிறு வித்தியாசம் வரும் என்பதால் ஸ்கேலை மட்டும் நம்பாமல், உரைகல் அட்டைகள் சிலவற்றோடு சேர்த்து நிமிர்த்தித் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் குள்ளமாக நின்றால் யோசியுங்கள். நாற்பது வருடம் டப்பாவில் கிடந்த அட்டைக்கு மூன்று ஓரம் பழசாகவும் ஒன்று மட்டும் பளிச்சென்றும் இருந்தாலும் அப்படியே.

நிலை: இங்கேதான் பணம்

இந்த அட்டைகள் லட்சக்கணக்கில் அச்சானவை. பழசு என்பதால் அபூர்வம் என்று ஆகிவிடாது. பழசாகியும் புதுசாக இருப்பதுதான் அபூர்வம். ஆகவே நிலையைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. நான்கு விஷயங்கள்: சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு.

சென்டரிங் என்பது படம் அட்டையின் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. படச்சட்டத்திலிருந்து விளிம்புவரை இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். இடது 3 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் மொத்தம் 5, ஆகவே 60-40. மேல் கீழுக்கும் இதே கணக்கு, இரண்டில் எது மோசமோ அதுதான் கணக்கில் வரும். நாம் அனுப்பும் அட்டையைச் சோதித்து மதிப்பெண் போடும் நிறுவனம் பி.எஸ்.ஏ. முன்பக்கம் 55-45-க்குள் இருந்தால்தான் அவர்கள் பத்துக்குப் பத்து கொடுப்பார்கள். 60-40 வரை 9 கிடைக்கலாம். இது அட்டை பிறந்தபோதே வந்த குறை, யாராலும் சரிசெய்ய முடியாது.

மூலையை லென்ஸில் பாருங்கள், நான்கையும், இரண்டு பக்கமும். வெறும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது லென்ஸில் பஞ்சு மாதிரி நார் விட்டிருக்கும். ஓரத்தில் நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிகிறதா, பல் பட்ட மாதிரி பள்ளம் இருக்கிறதா? தம்பியின் லூக் இங்கேதான் வீழ்ந்தார். ரப்பர் பேண்ட் இரண்டு ஓரத்தையும் அறுத்து உள்ளே போயிருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் செட்டை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். எல்லா அடியும் மேலே இருக்கும் முதல் அட்டைக்கும் அடியில் இருக்கும் கடைசி அட்டைக்கும்தான். எண் 1-க்கு நல்ல நிலையில் தட்டுப்பாடு வந்ததற்கு லூக்கின் புகழ் பாதிக் காரணம் என்றால், இந்த ரப்பர் பேண்ட் மீதிக் காரணம்.

மேற்பரப்புக்கு மேசை விளக்கு. அட்டையை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் படுகிற மாதிரி சாய்த்து மெதுவாகத் திருப்புங்கள். நேராகப் பார்க்கையில் மறைந்திருக்கும் கீறல், அமுங்கல், மடிப்பு எல்லாம் ஒளியில் எழுந்து வரும். முன்பக்கத்தில் மறைந்துவிடுகிற மெல்லிய மடிப்பு பின்பக்கத்தில் கோடாகத் தெரிவது உண்டு. ஒரு மடிப்பு இருந்தாலே பி.எஸ்.ஏ. அளவில் 4-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இப்போது மெழுகும் கம்மும். பொட்டலத்தைச் சூடுபடுத்தி ஒட்டும்போது உருகிய மெழுகு, மடிப்பை ஒட்டியிருக்கும் அட்டையில் படிந்துவிடும். பபிள்கம் துண்டு தொட்டுக்கொண்டிருந்த அட்டையில் காலப்போக்கில் பழுப்புக் கறை ஏறும். மெழுகு முன்பக்கப் பூச்சின் மேல் இருந்தால் பெண்கள் காலில் போடும் நைலான் உறையால் மெல்லத் தேய்த்து எடுப்பது சேகரிப்பாளர்களிடம் நெடுநாளாக உள்ள பழக்கம். பின்பக்கம் பூச்சில்லாத தாள், அங்கே இறங்கிய மெழுகையோ கம் கறையையோ எடுக்க முயன்றால் தாள் பிய்ந்துவிடும். புதியவர் எதையும் தேய்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. அழிரப்பர், ஈரத்துணி, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். இஸ்திரி போட்டு மடிப்பு எடுக்கப் பார்த்தவரை எனக்குத் தெரியும். மடிப்பு அப்படியே இருந்தது, பளபளப்புதான் போனது.

நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலும் ஒரு வேடிக்கை. விற்பவர் "குட் கண்டிஷன்" என்று போட்டால் நாம் நல்ல நிலை என்று சந்தோஷப்படுகிறோம். பி.எஸ்.ஏ. அளவில் 'குட்' என்பது பத்தில் 2. 'வெரி குட்' 3. 'எக்ஸலண்ட்' என்றால்கூட 5-தான். 'நியர் மின்ட்' 7, 'மின்ட்' 9, 'ஜெம் மின்ட்' 10. பள்ளிக்கூட நோட்டில் வாத்தியார் போட்ட 'வெரி குட்'டை மறந்துவிட்டு இந்த அளவைப் படியுங்கள்.

உங்கள் அட்டைக்கு நீங்களே ஒரு மதிப்பெண் எழுதி வையுங்கள், பிறகு அதில் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பிள்ளைக்கு மார்க் போடும்போது கை தாராளமாகிவிடுகிறது. நான் 8 என்று நம்பி அனுப்பிய ஓர் அட்டை 6 வாங்கித் திரும்பியது. பின்பக்கம் மேல் மூலையில் விரல்நகம் பட்ட அமுங்கல், நான் விளக்கைச் சாய்த்துப் பார்க்காமல் விட்டது.

207-இன் கதை

இந்தச் செட்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒருநாள் 207-க்கு வந்துசேர்வார்கள். பச்சைத் தொகுதி, தங்க நிற எந்திரன் சி-த்ரீபிஓ. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஆண்டனி டேனியல்ஸ். அந்தப் புகைப்படத்தில் எந்திரனின் இடுப்புக்குக் கீழே, எந்திரனுக்கு இருக்கத் தேவையில்லாத ஓர் உறுப்பு இருப்பதுபோல் தெரிகிறது. குழந்தைகள் அட்டை! டாப்ஸ் பின்னர் அந்த இடத்தைத் தூரிகையால் மறைத்துத் திருத்திய அட்டையை வெளியிட்டது. ஓவியர் யாரோ குறும்பாக வரைந்துவிட்டார் என்று வெகுகாலம் வதந்தி. அசல் புகைப்படத்திலேயே அது இருக்கிறது, உடையின் ஏதோ ஒரு பாகம் கழன்று விழுந்த நொடியில் கேமரா சொடுக்கியிருக்க வேண்டும் என்பதுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

மதிப்பிடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. பிழையுள்ள 207-க்குத்தான் ஆள் அதிகம், விலையும் அதிகம். ஆனால் அது அபூர்வமான அட்டை அல்ல, எந்த நேரமும் ஏலத் தளத்தில் சில கிடக்கும். அதன் விலை கதைக்குக் கிடைக்கும் விலை. "அரிய பிழை அட்டை" என்று தலைப்பு வைத்து ஒருவர் ஐந்து மடங்கு கேட்டால், பக்கத்திலேயே அதே அட்டை இன்னும் பத்துப் பேரிடம் இருப்பதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

பிழை என்று விற்கப்படும் மற்றதெல்லாம், மை சிந்தியது, நிறம் சற்று மாறியது, கோணலாக வெட்டியது, பெரும்பாலும் வெறும் அச்சுக் குறைதான். அதற்குக் கூடுதல் விலை இல்லை, குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

ஸ்டிக்கர், பொட்டலம், கையெழுத்து

பொட்டலத்துக்கு 7 அட்டை, 1 ஸ்டிக்கர் என்ற கணக்கைப் பார்த்தோம். மேலும் ஸ்டிக்கரைக் கையில் வாங்கிய பிள்ளை அதை ஒட்டத்தானே செய்யும்? அதனால் உரிக்காத ஸ்டிக்கரைத் தனியாக எடுத்து வையுங்கள். "முழு செட்" வாங்கும்போது 66 மட்டுமா, 11 ஸ்டிக்கரும் சேர்த்து 77-ஆ என்று கேளுங்கள்.

பிரிக்காத வாக்ஸ் பேக்கைப் புதியவர் வாங்கவே வேண்டாம் என்பேன். பிரித்து, நல்ல அட்டையை எடுத்துக்கொண்டு, மறுபடி சூடாக்கி ஒட்டிவிடலாம். அதைக் கண்டுபிடிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். ஏதோ ஆசையில் வாங்கிப் பிரித்தாலும் அந்த கம்மை வாயில் போடாதீர்கள்.

கையெழுத்திட்ட அட்டை தனி உலகம். லூக்காக நடித்த மார்க் ஹாமில் இந்த டாப்ஸ் அட்டைகளில் கையெழுத்தோடு படத்துக்குப் பொருத்தமாக ஒரு நகைச்சுவை வரியும் எழுதிக் கொடுப்பதில் பேர் போனவர். அவை கொண்டாடப்படுவதாலேயே போலிகளும் நிறைய. அவரே ட்விட்டரில் ரசிகர்கள் காட்டிய கையெழுத்துகளைப் பார்த்து இது என்னுடையது, இது இல்லை என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்தைச் சரிபார்க்கும் நிறுவனத்தின் சான்று இல்லையென்றால், அதை மேலே பேனா கிறுக்கிய அட்டையாகவே கணக்கில் வையுங்கள்.

விலை எவ்வளவு?

இப்போது ஈபேக்குப் போகலாம். தொகுதி, ஆண்டு, எண், பெயர் எல்லாம் போட்டுத் தேடுங்கள். வருகிற பட்டியலில் உள்ள விலைகளைப் பார்த்து மயங்காதீர்கள், அவை விற்பவர் காணும் கனவு. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அதே பக்கத்தில் உண்டு. அதைத் தட்டினால் உண்மை தெரியும். 500 டாலர் கேட்டு இரண்டு வருடமாகக் கிடக்கும் அட்டைக்கும், போன வாரம் 40 டாலருக்குப் போன அதே நிலை அட்டைக்கும் நடுவே சந்தை விலை எது என்று சொல்லத் தேவையில்லை.

அதிலும் ஒரு விற்பனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். கடைசி மூன்று நான்கு மாதத்தில் அதே நிலையில் விற்ற ஐந்தாறை எழுதிக்கொள்ளுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் அடித்துவிட்டு நடுவில் உள்ளதைப் பாருங்கள். "அதே நிலை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிரேடிங் செய்து, அதாவது நிறுவனம் மதிப்பெண் போட்டு, உறையில் அடைத்த 9-இன் விலையை, டப்பாவிலிருந்து எடுத்த அட்டைக்குப் பொருத்துவதுதான் புதியவர் செய்யும் பெரிய தப்பு. தம்பி யூடியூபில் பார்த்த லூக்கும் அப்படித்தான், பிளாஸ்டிக் உறைக்குள் பத்துக்குப் பத்து வாங்கியவர். பத்துக்கும் எட்டுக்கும் இடையிலேயே விலை பல மடங்கு விழும்.

எந்தக் காலத்து விற்பனை என்பதையும் பாருங்கள். 2020-21-ல் எல்லோரும் வீட்டில் அடைபட்டிருந்தபோது அட்டை மோகம் தலைக்கேறியது. குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்த நாள்களின் விலையை இன்றைக்கு மேற்கோள் காட்டுபவர் ஒன்று தெரியாதவர், அல்லது உங்களிடம் விற்க வந்தவர்.

பாப் ரிப்போர்ட் என்று ஒன்றைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். எந்த அட்டை எந்த மதிப்பெண்ணில் எத்தனை வந்திருக்கிறது என்று கிரேடிங் நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகப் போடும் கணக்கு. பயனுள்ளதுதான், ஆனால் தலைகீழாகப் படித்துவிடக்கூடாது. யாருக்கும் வேண்டாத பாலைவனக் காட்சி அட்டைக்கு எண்ணிக்கை குறைவாக இருக்கும். கட்டணம் கட்டி அனுப்ப ஆளில்லாததே காரணம். அதேபோல் உயர்ந்த மதிப்பெண் வேண்டி உறையை உடைத்து மறுபடி மறுபடி அனுப்புகிறவர்களால் சில எண்ணிக்கை ஊதியிருக்கும்.

கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

பி.எஸ்.ஏ. 1991-லிருந்து இருக்கிறது. பெக்கெட், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. ஆகியவையும் உண்டு. அட்டையைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புவார்கள். அதைத்தான் ஸ்லாப் என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிவு தானாக வரும். கட்டணமும் போக வர அஞ்சல் செலவும் சேர்ந்து ஓர் அட்டைக்கு 35 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையில்லாமல் 5 டாலர் பெறும் அட்டை 7 வாங்கி 25 டாலருக்கு விற்றால் உங்களுக்கு நஷ்டம் 15 டாலர். ஆகவே நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணுக்கு ஒன்று குறைவாக வந்தாலும் செலவு தேறுமா என்று பாருங்கள். தேறினால் மட்டும் அனுப்புங்கள். இந்தச் செட்டில் பெரும்பாலான அட்டைகளுக்குத் தேறாது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அமெரிக்காவுக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதென்றால் தூர அஞ்சலும் சுங்கமும் சேர்ந்து கணக்கு இன்னும் கடினமாகும்.

ஸ்லாப்பில் அடைத்த அட்டையை வாங்கும்போதும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். போலி ஸ்லாப்களும் உலவுகின்றன. லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அதே அட்டை, அதே மதிப்பெண் வர வேண்டும், படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். லேபிளில் 8-க்குப் பக்கத்தில் 'ஓ.சி.' என்று எழுத்து இருந்தால் சென்டரிங் மோசம் என்று அர்த்தம், 'எஸ்.டி.' என்றால் கறை. விற்பவர்கள் அந்த இரண்டு எழுத்தைத் தலைப்பில் விட்டுவிடுவார்கள்.

தம்பியின் டப்பாவுக்கு வருகிறேன். நீலத் தொகுதியில் 31, அதில் ரப்பர் பேண்ட் அறுத்த லூக்கும், பின்பக்கம் கம் கறை ஏறிய வேடரும் அடக்கம். சிவப்பில் சில. மீதியெல்லாம் 1980, 1983. உரிக்காத ஸ்டிக்கர் நான்கு. விற்று முடிந்த விலைகளை அவனே தேடி எழுதி, மூன்று மணி நேரம் கூட்டிக் கழித்து 110 டாலர் என்றான். நான் 80 என்றேன். அட்டைக்கடைக்காரர் ஒருவர் மொத்தமாக 45 கொடுக்கிறேன் என்றார். வாங்கி விற்பவருக்குக் கடை வாடகை இருக்கிறது, சந்தை விலையில் பாதி சொல்வது வழக்கம்தான். தம்பி விற்கவில்லை.

எல்லாவற்றையும் பென்னி ஸ்லீவில் போட்டான். லூக், வேடர், ஸ்டிக்கர்களுக்கு மட்டும் மேலே டாப்லோடர் என்ற கெட்டி உறை. பழைய ஆல்பங்களின் பி.வி.சி. தாள் காலப்போக்கில் பிசுபிசுத்து அட்டையில் ஒட்டும் என்பதால் அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். திருகாணி போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் வேண்டாம், அமுக்கி அமுக்கி மேற்பரப்பைக் கெடுத்துவிடும். கீழ்த்தளத்து ஈரத்தில் அட்டை வளையும் என்பதால் டப்பா மேல்மாடி அலமாரிக்குப் போயிற்று, கூடவே மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு சிலிக்கா ஜெல் பை. ரப்பர் பேண்டை நான் வாங்கிக் குப்பையில் போட்டேன்.